இன்காக்னிட்டோ யாரிடமிருந்து மறைக்கும், யாரிடமிருந்து மறைக்காது?

கேள்வி: "கல்லூரி விடுதி வைஃபையில்தான் போன் பயன்படுத்துகிறேன். இன்காக்னிட்டோவில் பார்த்தால் வார்டனுக்கோ கல்லூரிக்கோ தெரியுமா? தேர்வு விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டர் போகும்போது இன்காக்னிட்டோ திறந்துகொண்டால் போதுமா? அதில் பார்த்தால் டிக்கெட் விலை குறைவாகக் காட்டும் என்கிறார்களே, நிஜமா?"

முதல் கேள்விக்குப் பதில், தெரியலாம். இரண்டாவதற்கு, போதாது, ஆனாலும் திறக்காமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். மூன்றாவதற்கு, இல்லை. இனி காரணங்களைப் பார்ப்போம்.

இன்காக்னிட்டோ என்பது பார்த்த பக்கங்களின் பட்டியலைச் சேமிக்காமல் இணையம் பார்க்க குரோம் பிரவுசர் தரும் தனி விண்டோ; மற்ற பிரவுசர்களில் இதற்குத் 'தனிப்பட்ட' (பிரைவேட்) முறை என்று பெயர். இதை யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். உங்களுக்கு அடுத்து அதே கம்ப்யூட்டரில் வந்து உட்காரும் ஆளை மனதில் வைத்துத்தான். அது உங்கள் தம்பியாக இருக்கலாம், அறைத்தோழியாக இருக்கலாம், சென்டருக்கு வரும் அடுத்த வாடிக்கையாளராக இருக்கலாம். லாட்ஜில் நாம் அறையைக் காலி செய்ததும் ரூம்பாய் வந்து விரிப்பை மாற்றிவிடுவார். அடுத்து வருபவருக்கு நாம் தங்கிய சுவடே தெரியாது. வரவேற்பு மேசை லெட்ஜரில் நம் பெயர், ஊர், வந்த நேரம் எல்லாம் அப்படியே இருக்கும். இன்காக்னிட்டோ செய்வது விரிப்பை மாற்றும் வேலை மட்டும்தான். லெட்ஜர்கள் வேறு வேறு கைகளில் இருக்கின்றன. இணையத்தில் அப்படிப்பட்ட லெட்ஜர் ஒன்றல்ல, நாலைந்து.

இயந்திரத்துக்குள் நடப்பது எளிது. சாதாரண விண்டோவில் நீங்கள் போன பக்கங்களின் பட்டியலான ஹிஸ்டரி, தளங்கள் உங்களை அடையாளம் காண வைத்துவிட்டுப் போகும் சிறு பதிவுகளான குக்கீகள், படிவத்தில் அடித்த பெயர் முகவரி, தேடல் பெட்டியில் எழுதியது எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் எழுதப்படும். இன்காக்னிட்டோவில் ஹிஸ்டரி எழுதப்படாது. குக்கீகள் தற்காலிகமாக மெமரியில் இருந்துவிட்டு, கடைசி இன்காக்னிட்டோ விண்டோவை மூடும்போது அழியும். அந்தக் 'கடைசி' என்பதைக் கவனியுங்கள். குரோமில் திறந்திருக்கும் இன்காக்னிட்டோ விண்டோக்கள் எல்லாம் ஒரே குக்கீப் பெட்டியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு விண்டோவில் ஜிமெயிலில் நுழைந்துவிட்டு அதை மூடினாலும், பக்கத்தில் இன்னொன்று திறந்திருந்தால் லாகின் அப்படியே நிற்கும். சஃபாரியில் ஒவ்வொரு தனிப்பட்ட டேபும் மற்றதிலிருந்து பிரிந்தே இருக்கும். போனில் இன்னொரு தொல்லை: ஹோம் பட்டனை அழுத்தி வெளியே வருவது மூடுவதாகாது. நேற்று திறந்த இன்காக்னிட்டோ டேப் இன்று போனை வாங்கிப் பார்ப்பவர் கைக்கு அப்படியே போகும். இதற்காகத்தான் குரோமிலும் சஃபாரியிலும் அந்த டேப்களுக்குக் கைரேகை அல்லது முக அடையாளப் பூட்டு வந்தது. அமைப்புகளில் அதை இயக்கி வையுங்கள்.

இந்த வசதியை முதலில் கொண்டுவந்தது ஆப்பிளின் சஃபாரி, 2005-ல். 2008-ல் குரோம் பிறந்தபோதே இன்காக்னிட்டோவும் உடன் வந்தது. 2009-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-ம் ஃபயர்பாக்ஸ் 3.5-ம் சேர்ந்துகொண்டன. வீட்டில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்திய காலம் அது. மனைவிக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு தேடலாம் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட சாக்கு. 2010-ல் ஸ்டான்ஃபோர்டு, கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். பரிசுப் பொருள் விற்கும் தளங்களைவிட வயது வந்தோருக்கான தளங்களில்தான் இந்த முறை அதிகம் ஓடுகிறது என்று தெரிந்தது. யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பிரவுசர் தன் பக்கம் துடைத்தாலும், எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) இயங்குதளமும் ஆங்காங்கே தடயத்தை விட்டுவைக்கின்றன. குரோமில் இன்று எக்ஸ்டென்ஷன்கள் இன்காக்னிட்டோவில் தாமாக இயங்குவதில்லை. நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் அந்த எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் பார்க்கும்.

இப்போது பிரவுசிங் சென்டர். உங்கள் கேள்வியில் பணமும் அடையாளமும் சம்பந்தப்பட்ட இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அங்கே இன்காக்னிட்டோ திறப்பதால் உண்மையான பலன் உண்டு. சாதாரண குரோமில் ஜிமெயிலில் நுழைந்தால், அந்தக் கடை கம்ப்யூட்டரின் குரோமே உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா?' என்று கேட்கும்போது அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால் அடுத்தவருக்கு உங்கள் விண்ணப்பக் கணக்கு திறந்த வீடு. இன்காக்னிட்டோவில் விண்டோக்களை எல்லாம் மூடினால் இந்த ஆபத்து போய்விடும்.

போகாதது டவுன்லோட். இன்காக்னிட்டோவில் இறக்கிய கோப்பு எங்கும் மறையாது; டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வழக்கம்போல உட்கார்ந்திருக்கும். டவுன்லோட் பட்டியலில் அதன் பெயர் வராது, அவ்வளவுதான். பலரும் ஏமாறுவது இங்கேதான், அதிலும் இ-ஆதார் விஷயத்தில். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்தானே, திறக்க முடியாது என்று விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். அதே ஃபோல்டரில் உங்கள் விண்ணப்பத்தின் பிரதி ஒன்று கிடந்தால் போதும், இரண்டும் அதிலேயே இருக்கும். எனவே பிரின்ட் எடுத்ததும் கோப்பை அழியுங்கள். பிறகு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஸ்கேன் செய்த சான்றிதழ், போட்டோ, கையெழுத்து ஆகியவை பெரும்பாலும் டெஸ்க்டாப்பிலோ கடைக்காரர் வைத்திருக்கும் தனி ஃபோல்டரிலோ இருக்கும். கேட்டு, கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. கோப்பைக் கடைக்காரரின் வாட்ஸாப் எண்ணுக்கு அனுப்பி பிரின்ட் கேட்பது. அங்கே இன்காக்னிட்டோவுக்கு வேலையே இல்லை. உங்கள் ஆதார் இப்போது அவர் போனில், அவர் பேக்கப்பில் இருக்கிறது. அதற்குப் பதிலாக வாட்ஸாப் வெப்பைக் கடை கம்ப்யூட்டரில் திறந்தால், வேலை முடிந்ததும் உங்கள் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலுக்குப் போய் அந்த இணைப்பை வெளியேற்றிவிடுங்கள். விண்டோவை மூடியதோடு நிறுத்த வேண்டாம்.

கீலாகர் என்று ஒன்று உண்டு. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் மென்பொருள். கடைக்காரருக்கே தெரியாமல் வைரஸோடு வந்து உட்கார்ந்திருக்கலாம். அது பிரவுசருக்கு வெளியே ஓடுவதால் நீங்கள் எந்த விண்டோவில் அடிக்கிறீர்கள் என்பது அதற்குப் பொருட்டே அல்ல. பொதுக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டும் என்றால் க்யூஆர் கோடைத் திரையில் வரவைத்து, உங்கள் போன் யுபிஐ வழியாகக் கட்டுங்கள்.

சட்டமும் உங்களை அங்கே மறைந்திருக்க விடாது. இணைய மையங்களுக்கென்று 2011-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, வருபவரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். எந்தெந்தத் தளங்கள் திறக்கப்பட்டன என்ற பதிவை குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இருக்கைகளுக்கு நடுவில் வைக்கும் தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றுகூட எழுதியிருக்கிறது. எத்தனை கடைகள் பின்பற்றுகின்றன என்பது வேறு கதை. ஆனால் பின்பற்றும் கடையில் அந்தப் பதிவு பிரவுசர் ஹிஸ்டரியை நம்பி இருக்காது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் வெளியே போகும் வழியில் ஒரே இடத்தில் எழுதப்படும்.

விடுதி வைஃபையின் கதையும் இதேதான். உங்கள் போனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கோரிக்கையும் கல்லூரியின் ரூட்டர், போக்குவரத்தைக் கண்காணித்து வடிகட்டும் ஃபயர்வால் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். இன்காக்னிட்டோ அந்தப் பாதையில் எதையும் மாற்றாது. இதில் ஒரு நல்ல சேதி, இன்றைய தளங்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறையில், இயங்குகின்றன. அதனால் நடுவில் இருப்பவருக்குத் தளத்தின் பெயர் தெரியும், உள்ளே என்ன பார்த்தீர்கள் என்பது தெரியாது. யூடியூப் போனீர்கள், இரவு ஒரு மணி வரை இருந்தீர்கள், இவ்வளவு டேட்டா இழுத்தீர்கள் என்பது வரை தெரியலாம். எந்த வீடியோ என்பது தெரியாது. சில தளங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய ஆறுதல் தராது. வேலை தேடும் தளம், திருமணத் தகவல் தளம், மனநல ஆலோசனைத் தளம் என்றால் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வைஃபையில் நுழைய உங்கள் ரோல் நம்பரும் பாஸ்வேர்டும் கேட்கிறார்களா? அப்படியானால் ஃபயர்வால் பதிவில் அந்தப் பெயர்கள் உங்கள் ரோல் நம்பருக்கு நேரே விழ வாய்ப்புண்டு. கல்லூரி கொடுக்கும் டிஜிட்டல் சான்றிதழ் (சர்டிஃபிகேட் கோப்பு) ஒன்றைப் போனில் நிறுவச் சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். அது நிறுவப்பட்ட சாதனத்தில் எச்டிடிபிஎஸ் பூட்டைத் திறந்து உள்ளே பார்க்கும் ஃபயர்வால்கள் இருக்கின்றன. வார்டன் தினமும் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கிறாரா என்றால், அவருக்கு வேறு வேலை இருக்கும். ஏதாவது புகார் வந்தால் தேடி எடுக்க முடியும் என்பதுதான் விஷயம்.

மொபைல் டேட்டாவுக்கு மாறினால் கல்லூரி விலகும், அந்த இடத்துக்குத் தொலைத்தொடர்பு நிறுவனம் வரும். இணையப் பயன்பாட்டுப் பதிவுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தியது. அதற்கு முன் ஓராண்டாக இருந்தது. உங்கள் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டால் கல்லூரிக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் தளங்களின் பெயர் மறையும், ஆனால் விபிஎன் நடத்துபவர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். இலவச விபிஎன் என்றால் அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. அதை ஏற்காமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. பாதையையே மறைக்க வேண்டிய உண்மையான தேவை உள்ளவர்களுக்கு டோர் பிரவுசர் இருக்கிறது. அது மூன்று இடைநிலைக் கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும். வேகம் குறையும். விடுதியில் சினிமா விமர்சனம் படிப்பதற்கு அது தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: எதிர்முனையில் இருக்கும் தளங்கள். இன்காக்னிட்டோவைத் திறந்து, கூகுளில் லாகின் செய்து, பிறகு தேடினால், அந்தத் தேடல் உங்கள் கணக்கில் பதிவாகும். கணக்கின் அமைப்பில் நீங்கள் தடுத்திருந்தால் தவிர. இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறதே என்று தோன்றும். ஆனால் சிகாகோ, ஹனோவர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் 460 பேரிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் லாகின் செய்திருந்தாலும் தேடல் பதிவாகாது என்றே நம்பினார்கள். நாலில் ஒருவருக்கு மேல், இது வைரஸையும் தடுக்கும் என்று நினைத்தார்கள்.

லாகின் செய்யாவிட்டாலும் உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண், தளத்துக்குத் தெரியும். அதிலிருந்து ஊரைத் தோராயமாகக் கணிக்கலாம். அதற்கு மேல் பிரவுசர் கைரேகை என்று ஒரு வித்தை இருக்கிறது. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், மொழி, கிராஃபிக்ஸ் சிப் படம் வரையும் விதம் இவற்றையெல்லாம் சேர்த்தால் கிடைக்கும் கலவை பலருக்குத் தனித்ததாக இருக்கும். இணைய உரிமைகளுக்காகப் பேசும் அமெரிக்க அமைப்பான எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் சுமார் 4,70,000 பிரவுசர்களைச் சோதித்ததில் 83.6 சதவீதம் தனித்து நின்றன. இந்த எண்ணை இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆர்வத்தால் தேடிப் போய்ச் சோதித்துப் பார்த்தவர்களின் பிரவுசர்கள் அவை. 2018-ல் பிரான்சில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கைரேகைகளை வைத்துச் செய்த ஆய்வில் மூன்றில் ஒரு பங்குதான் தனித்து நின்றன. போன்களில் அதைவிடவும் குறைவு. எப்படியானாலும், குக்கீயை அழிப்பது இந்த அடையாளத்தைத் தொடாது. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் தனிப்பட்ட விண்டோவில் கண்காணிப்பு நிரல்களைத் தடுப்பதில் குரோமைவிட ஒரு படி முன்னே நிற்கின்றன என்பது என் கருத்து. 2023-ல் வந்த சஃபாரி 17, இணைப்பு முகவரியின் வாலில் ஒட்டிவரும் விளம்பர அடையாளக் குறிகளைக்கூட தனிப்பட்ட முறையில் வெட்டிவிடுகிறது.

இதன் மேல்தான் அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு ஓடியது. 2020 ஜூனில் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூகுள் மீது தொடரப்பட்டது. பயனர்கள் இன்காக்னிட்டோவில் இருந்தபோதும், பல தளங்களுக்குள் பொதிந்திருக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் (தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கருவி), விளம்பர நிரல்கள் வழியாகத் தகவல் கூகுளுக்குப் போய்க்கொண்டே இருந்தது என்பதே புகார். கேட்கப்பட்ட இழப்பீடு குறைந்தது 500 கோடி டாலர். இன்காக்னிட்டோ என்ற பெயரையும் தொப்பி கண்ணாடிப் படத்தையும் விட்டுவிட வேண்டும் என்று கூகுளின் பொறியாளர்களே உள்ளுக்குள் பேசிக்கொண்டது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. 2023 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு, 2024 ஏப்ரலில் விவரம் தெரிந்தது: பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு இன்காக்னிட்டோவில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை (நீங்கள் திறந்த தளம் அல்லாமல் வேறு நிறுவனங்கள் வைப்பவை) தடுத்தே வைக்க வேண்டும், எச்சரிக்கை வாசகத்தைத் திருத்த வேண்டும். பயனர்களுக்கு அந்தச் சமரசத்தில் ஒரு காசும் வரவில்லை. டெக்சாஸ் மாநிலம் தனியாகத் தொடர்ந்த வழக்குகளில், இன்காக்னிட்டோ உட்படப் பல புகார்களைச் சேர்த்து முடிக்க 2025 மே மாதத்தில் கூகுள் 137.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. குரோமில் புதிய இன்காக்னிட்டோ டேபைத் திறந்து அங்கே இருப்பதை ஒரு முறை படியுங்கள். தளங்களும் அவை பயன்படுத்தும் சேவைகளும், கூகுள் உட்பட, தகவல் சேகரிக்கும் விதம் மாறாது என்று இப்போது அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

படித்து முடித்து வேலைக்குப் போனால், அலுவலக மடிக்கணினி இன்னும் கறார். நிறுவனம் நினைத்தால் இன்காக்னிட்டோ என்ற வசதியையே முடக்கி வைக்கலாம். முடக்காவிட்டாலும், பிரவுசருக்கு வெளியே ஓடும் கண்காணிப்பு மென்பொருள் திரையையே பார்க்கலாம். அந்தக் கணினியில் வேறு நிறுவனத்துக்கு ரெஸ்யூம் அனுப்பாதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, நான் இன்காக்னிட்டோவைப் பயன்படுத்துகிறேனா என்றால், தினமும்தான். ஒரு தளம் சரியாகத் திறக்கவில்லை என்றால் முதலில் அதில் திறந்து பார்ப்பேன். பழைய குக்கீயும் எக்ஸ்டென்ஷனும் இல்லாத வெறும் பிரவுசரில் சரியாக வந்தால் கோளாறு எங்கே என்று உடனே புரியும். இரண்டாவது ஜிமெயில் கணக்கை ஒரு நிமிடம் பார்க்க உதவும். உடம்பு சம்பந்தமாக எதையாவது தேடிவிட்டு, அடுத்த ஒரு மாதம் அதே மாத்திரை விளம்பரம் துரத்துவதையும் ஓரளவு குறைக்கும்.

உங்கள் மடிக்கணினியைத் தோழிக்குக் கொடுக்கும்போது மட்டும் இன்காக்னிட்டோ திறந்து கொடுக்காதீர்கள். உங்கள் புக்மார்க்குகளும் நீங்கள் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதில் எட்டும் தூரத்தில்தான் இருக்கும். குரோமில் அதற்கென்றே கெஸ்ட் முறை இருக்கிறது. அதில் உங்களுடையது எதுவும் தெரியாது, அவர் விட்டுச் செல்வதும் மிஞ்சாது. பிரவுசிங் சென்டரில் அந்த முறை கிடைத்தால் அங்கேயும் அதுவே நல்லது.

டிக்கெட்டுக்கு வருவோம். ரயில் கட்டணம் ரயில்வே நிர்ணயிப்பது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பரில் கொண்டுவந்த முறையில் பத்து சதவீத இடம் நிரம்ப நிரம்ப அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும். அதற்கும் உங்கள் குக்கீக்கும் சம்பந்தம் இல்லை. விமானத்திலும் ஆம்னி பஸ்ஸிலும் விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதற்குக் காரணம், மலிவான இடங்கள் தீர்ந்துபோவதும் தேவை ஏறுவதும். நீங்கள் சாதாரண விண்டோவில் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து இன்காக்னிட்டோவில் பார்க்கும்போது இடையில் விலை மாறியிருந்தால், பெயர் இன்காக்னிட்டோவுக்குப் போகிறது. சந்தேகம் இருந்தால் இரண்டு விண்டோவையும் ஒரே நேரத்தில் திறந்து, ஒரே பயணத்தைத் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும், ஒரு விண்டோவில் லாகின் செய்திருந்து மற்றதில் செய்யாமல் இருந்தால் உறுப்பினர் சலுகையால் விலை மாறிக் காட்டலாம். அப்போது இன்காக்னிட்டோவில்தான் கூடுதலாக இருக்கும்.